நடுவில் யார் நிற்பது?

அத்தியாயம் 14

போன வாரம் உங்களை ஒரு முழங்கையின் முன்னால் நிறுத்திவிட்டுப் போனேன். என்மேல் கோபமாக இருப்பீர்கள். பரவாயில்லை, அந்த முழங்கைக்குச் சொந்தக்காரி உங்களைவிடக் கோபமாக இருக்கிறாள்.

புதிதாக வந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் லியென். மேக்காங் ஆற்றங்கரையில் பூ வளர்க்கிற ஊர் எங்களுடையது. அங்கே போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். படம் எடுப்பது நான். பிரிண்ட் போடுவதும் சட்டம் அடிப்பதும் என் வீட்டுக்காரர் ஹாவ்.

பிள்ளைகள் மூன்று. மூத்தவன் தோவான், பதினான்கு வயது. கேமராவைப் பார்த்தால் போதும், போலீஸ் ஸ்டேஷனில் நிற்கிறவன் மாதிரி விறைத்துக்கொள்வான். அடுத்தவள் தியேப், பதினொன்று. ஓரிடத்தில் நிற்கமாட்டாள், நின்றால் நாக்கை நீட்டுவாள். கடைசி லோக், ஆறு. லென்ஸைக் கண்டால் தொப்பியை மூக்குவரை இழுத்துக்கொண்டு யார் முதுகுக்குப் பின்னாலாவது போய்விடுவான். ஒரே வயிற்றில் பிறந்து ஒரே சோற்றைத் தின்கிறார்கள், மூன்றும் மூன்று திசை. ஊரார் பிள்ளைகளைச் சிரிக்கவைக்க என்னிடம் ஆயிரம் தந்திரம் உண்டு. என் பிள்ளைகளுக்கு அந்த ஆயிரமும் மனப்பாடம்.

இனி முழங்கை விவகாரம். மூன்று பேர் சேர்ந்து நின்று படம் எடுத்தால் நடுவில் நிற்பவருக்கு ஆயுசு குறையும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. என் நாத்தனார் கூக், நான் பெரியக்கா என்றும் பிள்ளைகள் பெரியத்தை என்றும் கூப்பிடுகிறவர், இதில் ரொம்பக் கறார். என் பிள்ளைகள் மூவரும் சேர்ந்து நிற்கிற எந்தப் படத்தை எடுத்துப் பார்த்தாலும் நாலாவதாக அவர் நிற்பார். பிறந்தநாளா, பெரியக்கா. பள்ளி விழாவா, பெரியக்கா. லோக்குக்கு முதல் பல் விழுந்த அன்றுகூடப் பெரியக்கா ஓடிவந்து பக்கத்தில் நின்றுகொண்டார்.

போன வாரம் அவர் வீட்டுப் படையல் அறையில் புதிதாக ஒரு படம் மாட்டியிருந்தது. தோவானும் லோக்கும் மட்டும். படத்தின் ஓரத்தில் மஞ்சள் சட்டைக் கையோடு ஒரு முழங்கை. அவருக்குத் தெரியாமல் மூவரையும் என் வீட்டுக்காரர் போனில் எடுத்த படம் அது. பெரியக்கா அதை எப்படியோ வாங்கி, மூவர் ஆகக் கூடாது என்று சந்தைக் கடையில் கொடுத்து, ஓரத்தில் நின்றவளை வெட்டிவிட்டு மாட்டியிருக்கிறார். தியேப் அதன் முன்னால் நின்று, "இது என் முழங்கைதானே?" என்று கேட்டாள். "இனிமே யாரும் என்னைப் படம் எடுக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டாள்.

இந்தப் பேச்சு வந்தால் என் வீட்டுக்காரர் எழுந்து போய்விடுவார். அதற்கும் காரணம் உண்டு. அவருக்கு ஐந்து வயதாக இருந்தபோது அக்காவும், நடு அண்ணன் கியெட்டும், இவருமாக ஒரு புத்தாண்டுக்குப் படம் எடுத்துக்கொண்டார்கள். நடுவில் இவரைத்தான் நிற்கச் சொன்னார்களாம். இவர் அழுது அடம்பிடித்து ஓரத்துக்கு ஓடிவிட, கியெட் நடுவில் போய் நின்றானாம். அந்த மழைக்காலத்திலேயே காய்ச்சல் வந்து போய்விட்டான். பெற்றவர்களும் போன பிறகு இவரைத் தூக்கி வளர்த்தது அக்கா. சோற்றோடு சேர்த்து இந்தக் கதையையும் ஊட்டித்தான் வளர்த்தார். அதனால் அக்கா வாயைத் திறந்தால் இவர் வாய் மூடிக்கொள்ளும்.

எனக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

புத்தாண்டுக்குச் சில நாட்களே இருந்தன. காலையில் நொய்யரிசிச் சோறும் சுட்ட பன்றிக்கறியும் வைத்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"இன்னிக்கித் தோட்டத்துல படம் எடுக்கறோம். நீங்க மூணு பேர் மட்டும். நாலாவது ஆள் கெடையாது."

தியேப் சோற்றை அளைந்துகொண்டே, "கரடி?" என்றாள்.

கடையில் ஆளுயரத்துக்கு ஒரு பஞ்சுக் கரடி வைத்திருக்கிறேன். மூன்று தோழிகள், மூன்று சகோதரர்கள் என்று யார் வந்தாலும் நாலாவதாக அதை நிறுத்திவிடுவேன். வருகிறவர்களுக்கும் நிம்மதி, எனக்கும் வேலை சுலபம்.

"கரடியும் கெடையாது."

"பெரியத்தை?"

"கெடையவே கெடையாது."

"சும்மா சொல்றே. நீயும் நம்பறவதான். இல்லாட்டி எதுக்குக் கரடி வாங்கினே?"

சுருக்கென்று தைத்தது. "கடைக்கு வர்றவங்க கேக்கறாங்க, நிறுத்தறேன். எம்புள்ளைங்களுக்கு எதுக்குடி கரடி?"

"அப்ப நான்தான் நடுவுல நிப்பேன். சம்மதமா?"

எனக்கும் பயம் வந்தது. பெற்றவள் இல்லையா? ஆனால் அந்தப் பயத்துக்கு இடம் கொடுத்தால் இவள் கடைசிவரை வெறும் முழங்கையாகத்தான் இந்தக் குடும்பத்தில் இருப்பாள்.

"சம்மதம்" என்றேன்.

இவர் சாப்பிடுகிற குச்சிகளைக் கீழே வைத்தார். "எதுக்கு லியென் வம்பு? நல்ல நாளும் அதுவுமா. அக்கா காதுல விழுந்தா..."

"விழட்டும். ரெண்டு காதுலயும் விழட்டும்."

"நான் சட்டத்துக்கு மரம் அறுக்கணும்" என்று எழுந்து போய்விட்டார். சொன்னேன் இல்லையா?

தோவானும் போனை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனான். அப்போது நான் அதைக் கவனிக்கவில்லை.

தோட்டத்தில் எங்கு பார்த்தாலும் மஞ்சள் சாமந்தி. தண்ணீருக்கு மேலே மரப் பரண் கட்டி அதில் தொட்டிகளை வரிசையாக அடுக்கியிருப்பார்கள். நடுவில் இருக்கிற வாய்க்காலில் சின்னப் படகில் போய்த்தான் தண்ணீர் ஊற்றுவார்கள். அப்படி ஒரு படகைக் கேட்டு வாங்கி மூவரையும் உட்காரவைத்தேன். நான் பலகைப் பாதையில் மண்டிபோட்டேன்.

"தோவான், மூச்சு விடுடா!"

"விட்டுக்கிட்டுத்தாம்மா இருக்கேன்."

"அப்ப அதை மூஞ்சியிலயும் காட்டு."

லோக்கை நான் பார்க்கவே இல்லை. அவனைப் படம் எடுக்க அது ஒன்றுதான் வழி. கேமராவை வாத்துகள் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, அவன் தொப்பியைத் தூக்கி என்னவென்று பார்க்கும் நேரத்துக்காகக் காத்திருக்க வேண்டும்.

தியேப்தான் எனக்குப் பிடிபடவில்லை. பச்சை அங்கி போட்டு, இரட்டைச் சடையோடு நடுவில் உட்கார்ந்திருந்தாள். அசையவில்லை. நாக்கை நீட்டவில்லை. கை இரண்டும் மடியில். இத்தனை வருஷமாக 'ஒரு நிமிஷம் சும்மா இருடி' என்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். இன்று சும்மா இருக்கிறாள், எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. நடுவிடத்தைக் கேட்டு வாங்கியவளுக்கே பயமாக இருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது.

"இறங்கிக்கறியா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"மாட்டேன். எடு."

நான் கேமராவைத் தூக்கவும் பைக் சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது.

"நிறுத்துடி!"

பெரியக்கா. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் பலகை அதிர அதிர வந்தார். தொட்டிகளுக்கு நடுவே வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"தள்ளு, நானும் ஏறறேன்."

"படகு தாங்காது பெரியக்கா."

"என்னைக் குண்டுங்கறியா?"

"படகு சின்னதுங்கறேன். யாரு சொன்னது உங்களுக்கு?"

தோவானின் காது இரண்டும் சிவந்திருந்தது. "நான்தாம்மா" என்றான்.

"துரோகி!" என்று தியேப் அவன் விலாவில் ஒரு குத்து விட்டாள். பிறகு அத்தையைப் பார்த்துத் திரும்பினாள். எங்கள் பக்கத்தில் தலைச்சன் பிள்ளையை 'ரெண்டு' என்றுதான் கூப்பிடுவோம். 'ஒண்ணு' என்று யாரும் கிடையாது. அதைப் பிடித்துக்கொண்டாள்.

"பெரியத்தை, அண்ணனை எப்படிக் கூப்பிடறீங்க?"

"எப்பவும் கூப்பிடற மாதிரிதான். ரெண்டுன்னு."

"என்னை?"

"மூணு."

"லோக்கை?"

"நாலு. இப்ப எதுக்கு அது?"

"நாலு வரைக்கும் வந்தாச்சில்ல? அப்புறம் எங்க இருக்கு மூணு பேரு?"

தோட்டத்துப் பெண்கள் கொல்லென்று சிரித்துவிட்டார்கள்.

"வாயைப் பாரு, வாயை! அப்படியே அம்மாவை உரிச்சு வெச்சிருக்கு" என்றார் பெரியக்கா.

"சந்தோஷம்" என்றேன் நான்.

"வெளையாட்டில்ல லியென்." அவர் குரல் திடீரென்று இறங்கிவிட்டது. "ஒருத்தனைக் குடுத்துட்டு நிக்கறவ நான். அவ எங்க வீட்டுப் பொண்ணு. அவளையும் குடுக்கச் சொல்றியா?"

கண் கலங்கியிருந்தது. என் மகளை அவருக்குப் பிடிக்காது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அப்படி இல்லை, அவர் பயந்துபோய் நிற்கிறார். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவம் பார்த்துப் பார்த்துத்தான் இந்த வீட்டில் எல்லோரும் வாயடைத்துப்போய் இருக்கிறோம்.

"பயம் உங்களோடது பெரியக்கா. வெட்டுப்படறது எம்பொண்ணு. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சத்தை மறைக்கறீங்க."

"எடு! எடுத்துக்கோ! நடுவுல மட்டும் அவ வேணாம், சொல்லிட்டேன்."

அப்போது தோவான் எழுந்தான். தலை வாரினால் வகிடு கலையக் கூடாது என்று நினைக்கிற பிள்ளை. அத்தை சொல்லை ஒரு நாளும் தட்டாதவன்.

"தியேப், நீ ஓரத்துக்கு வா. நான் நடுவுல இருக்கேன்."

"நீதானே போட்டுக்குடுத்தே?"

"பயமா இருந்துச்சு, போன் பண்ணேன். இப்பவும் பயமாத்தான் இருக்கு. தள்ளு."

"இது என் எடம்! அம்மா குடுத்தது!"

"தள்ளுங்கறேன்ல!"

லோக்குக்கு ஒன்றும் புரியவில்லை. அண்ணனும் அக்காவும் இப்படி அடித்துக்கொள்கிறார்கள் என்றால் நடுவில் ஏதோ நல்லது இருக்கிறது என்று நினைத்துவிட்டான். தொப்பியைக் கழற்றி எறிந்துவிட்டு, "நானு! நானு!" என்று இருவர் காலுக்கும் இடையில் தவழ்ந்து புகுந்தான்.

படகு ஆடியது. நான் எடுத்தேன். இன்னும் ஆடியது. இன்னும் எடுத்தேன். பெரியக்கா அலறியது காதில் விழுந்தும் விரலை எடுக்கவில்லை. படகு ஒரு பக்கம் சாய்ந்து, மூன்று பிள்ளைகளும் தொப்பென்று தண்ணீரில் விழுந்தார்கள்.

"சொன்னேனே! சொன்னேனே!" என்று பெரியக்கா ஹெல்மெட்டோடு வாய்க்காலில் குதித்துவிட்டார்.

முழங்கால் ஆழம்தான். தோவான் தலையில் பாசியோடு எழுந்து நின்று, அடக்கமுடியாமல் சிரித்தான். லோக் சேற்றில் உட்கார்ந்தபடியே, "மறுபடியும்! மறுபடியும்!" என்றான். தியேப்புக்கு மட்டும் முகவாயில் ஒரு கீறல், கொஞ்சம் ரத்தம். பெரியக்கா தன் சட்டைக் கையால் அதை ஒற்றி எடுத்து என்னிடம் காட்டினார்.

"இது மொதல் சகுனம்."

"அது படகோட ஆணி, பெரியக்கா."

சொல்லிவிட்டேனே தவிர, அந்த ரத்தத்தை நானும் இரண்டாம் தடவை பார்த்தேன். கேமராவைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினேன்.

பிற்பகலில் கடையில் உட்கார்ந்து படங்களை ஒவ்வொன்றாகத் திரையில் தள்ளினேன். இவர் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். ஒரு படத்தில் இருவரும் நின்றுவிட்டோம்.

தோவான் வாயைத் திறந்து கத்துகிறான், வகிடு இருந்த இடம் தெரியவில்லை. தியேப் அவன் காலரைப் பிடித்துக்கொண்டு நாக்கை நீட்டியிருக்கிறாள். இரண்டு பேர் முழங்காலுக்கும் இடையில் லோக்கின் முகம், தொப்பி இல்லாமல், விழுந்துபோன பல்லின் ஓட்டை தெரிய, நேராக என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. பிறந்ததிலிருந்து அவன் கேமராவைப் பார்த்த முதல் படம் இதுதான். மூவரும் அவரவராக இருந்தார்கள்.

"நல்லா இருக்கு" என்றார் இவர். கொஞ்சம் கழித்து, "சின்னதாப் போட்டு ஆல்பத்துல வெச்சுக்கலாமா?" என்றார்.

"பெருசா. கடை முகப்புல. ரோட்டுல போறவன் வண்டியை நிறுத்திப் பாக்கற அளவுக்கு."

"அக்கா தாங்க மாட்டாங்க லியென்."

"தியேப் தாங்கினாளே. அந்த முழங்கையைப் பாத்துட்டு ஒத்தையில நடந்து வந்தாளே, அப்ப நீங்க எங்க இருந்தீங்க? மரம் அறுத்துக்கிட்டு இருந்தீங்க."

இந்தத் தடவை அவர் விலகிப் போகவில்லை. பேப்பரை எடுத்து மிஷினில் வைத்தார். இருக்கிறதிலேயே பெரிய பேப்பர். அக்காவுக்குப் பிடிக்காத ஒன்றை அவர் ஒளிக்காமல் தன் கையால் செய்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பெரியக்கா வரும்போது தெருவில் இன்னும் வெயில் இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, முகப்புச் சுவரில் நாங்கள் மாட்டியிருந்த படத்தைப் பார்த்தார். பிறகு உள்ளே வந்தார்.

"கழட்டு."

"மாட்டேன்."

"லியென், நான் இன்னும் சண்டை போடல. கெஞ்சறேன். கழட்டிடு."

"நீங்க கெஞ்சினாலும் மாட்டேன், சண்டை போட்டாலும் மாட்டேன். உங்க வீட்டுச் செவுத்துல எம்பொண்ணை வெட்டி மாட்டினீங்க. இது எங்க செவுரு."

அவர் படத்தின் அருகே போனார். விரலைத் தூக்கி இடமிருந்து வலமாகக் கொண்டுபோனார், வலமிருந்து இடமாகக் கொண்டுவந்தார். யார் தோள் யார் தலைக்கு முன்னால் என்றே தெரியாத படம் அது.

"நடுவுல யாரு?" என்றார்.

"மூணு பேரும்தான்" என்றாள் தியேப். முகவாயில் பிளாஸ்திரியோடு மேஜைமேல் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். "பெரியத்தை, உங்க படத்துல கியெட் பெரியப்பாதானே நடுவுல?"

"ஆமா."

"அவரு கேட்டு நின்னாரா, எங்களை மாதிரி?"

பெரியக்காவின் விரல் படத்தின்மேலேயே நின்றுவிட்டது.

"கேக்கல" என்றார்.

"அப்புறம் ஏன் நின்னாரு?"

இதற்கு இந்த வீட்டில் எல்லோருக்கும் பதில் தெரியும். சின்னவன் அழுதான், அதனால் நின்றான். அந்தப் பதிலைத்தான் நானும் எதிர்பார்த்தேன்.

பெரியக்கா தியேப்பைப் பார்த்தார். அவள் முகவாயைப் பார்த்தார். முகம் கோணிக்கொண்டு வந்தது.

"ஸ்டூடியோக்காரர் என்னைத்தான்டி நடுவுல நிக்கச் சொன்னாரு. பெரியவ, உசரமா இருக்கேன்னு. எனக்கு விஷயம் தெரிஞ்ச வயசு. பயந்துட்டேன். அவன் தோளைப் பிடிச்சு நான்தான் உள்ள தள்ளினேன். அவன் சிரிச்சுக்கிட்டே நின்னான்."

தியேப்பின் கால் ஆட்டம் நின்றது.

பின்னாலிருந்து மரச்சட்டம் ஒன்று தரையில் விழுகிற சத்தம். திரும்பிப் பார்த்தேன். உள்கதவில் இவர் நின்றுகொண்டிருந்தார்.

"அழுதது நான்னு சொன்னியேக்கா."

பெரியக்கா திரும்பவில்லை.

"நான் அழுது அடம்பிடிச்சேன், அதனால அவன் நின்னான், அதனால அவன் போனான். அப்படித்தானே சொன்னே? ஒவ்வொரு வருஷமும் அவனுக்குப் படையல் வைக்கறப்ப, என்னை முன்னாடி உக்கார வெச்சு, மன்னிப்புக் கேளுடான்னு சொல்லுவியே. கேட்டேனேக்கா. போன வருஷம் வரைக்கும் கேட்டேனே."

பெரியக்கா மேஜையிலிருந்து ஹெல்மெட்டை எடுத்தார். "நான் கெளம்பறேன்" என்று வாசலுக்கு வந்தார்.

நான் வாசலில் நின்றேன்.

"வழி விடு லியென்."

"விடமாட்டேன். அவரு கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டுப் போங்க."

"யாருகிட்டப் பேசறேன்னு தெரியுதா உனக்கு?"

"நல்லாத் தெரியுது. தம்பியைச் செத்தவன்கிட்ட வருஷா வருஷம் மன்னிப்புக் கேக்க வெச்சவங்ககிட்ட."

சொல்லிவிட்டு, எல்லோரும் உள்ளே இருக்கும்போதே கையை மேலே நீட்டிக் கடை ஷட்டரைப் பிடித்துத் தரைவரைக்கும் இழுத்துவிட்டேன்.